கியூடோன்: வீட்டில் முதல்முறை செய்பவர்களுக்கு

ஜப்பானுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து இறங்கியவர்கள் முதல் வாரத்திலேயே ருசி பார்க்கும் சாப்பாடுகளில் கியூடோனும் ஒன்று. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் யோஷினோயா, சுகியா, மட்சுயா என்ற கியூடோன் சங்கிலிக் கடைகள் மூன்றில் ஏதோ ஒன்றின் பலகை கண்ணில் படும். உட்கார்ந்து சொல்லி முடித்த கொஞ்ச நேரத்திலேயே கிண்ணம் வந்துவிடும். சுடச்சுடச் சோறு, அதன்மேல் காகிதம்போல் மெல்லிய மாட்டிறைச்சி, குழைந்த வெங்காயம், ஓரத்தில் சிவப்பாக இஞ்சி ஊறுகாய். அவ்வளவுதான்.

வீட்டில் செய்வதும் எளிதுதான். சோறு வெந்து முடிவதற்குள் மேலே போடுவது தயாராகிவிடும். இடைஞ்சல் என்று பார்த்தால் நம் கைப்பழக்கம்தான். கறி என்றதும் கை தானாக எண்ணெயை ஊற்றும், வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கும், இஞ்சி பூண்டு விழுதைத் தேடும், கடைசியில் குக்கரை மூடி நாலு விசில் விடும். கியூடோனுக்கு இதில் ஒன்றுகூட வேண்டாம். வதக்கல் இல்லை, தாளிப்பு இல்லை, மசாலா தடவி ஊறவைப்பது இல்லை. சரியான கறியை வாங்கி, வெங்காயத்தை முதலில் வேகவிட்டு, கறியைக் கடைசியில் போட்டு, தீயைக் குறைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். கறி நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தச் சும்மா இருப்பது ரொம்பக் கஷ்டம்.

எங்கிருந்து வந்தது

ஜப்பானியச் சாப்பாட்டில் மாட்டிறைச்சிக்குப் பெரிய பழமை கிடையாது. 675ஆம் ஆண்டில் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்பதற்குத் தடை போட்டார். பௌத்தத்தின் செல்வாக்கில் அந்தத் தயக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. மெய்ஜி பேரரசரின் காலத்தில்தான் காற்று மாறியது. 1872இல் பேரரசரே மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்று செய்தி வந்தது. டோக்கியோவிலும் யோகோஹாமாவிலும் கியூநாபே கடைகள் பெருகின. இரும்புச் சட்டியில் கறியையும் வெங்காயத்தாளையும் மிசோ என்ற சோயா விழுதிலோ, சோயா சாஸும் சர்க்கரையும் கலந்த சாற்றிலோ கொதிக்கவிட்டுச் சாப்பிடுவார்கள். அதையே சோற்றின் மேல் ஊற்றிக் கொடுத்தபோது கியூமேஷி பிறந்தது. மட்சுயா கடைப்பலகையில் இன்றும் அந்தப் பழைய பெயர்தான்.

யோஷினோயா 1899இல் டோக்கியோவின் நிஹோன்பாஷி மீன் சந்தையில் தொடங்கிய கடை. 1923 பெருநிலநடுக்கத்துக்குப் பிறகு சந்தை ட்சுகிஜிக்கு மாறியபோது கடையும் கூடவே போனது. வாடிக்கையாளர்கள் எல்லாம் விடியுமுன்பே மீன் தூக்கும் ஆட்கள். ஏலம் நடக்கிற நேரத்தில் யாருக்கும் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட நேரம் கிடையாது. பெரிய பாத்திரத்தில் கறி எப்போதும் இளஞ்சூட்டில் வெந்துகொண்டிருக்கும். துளைக் கரண்டியால் ஒரே அள்ளு. கறியும் வெங்காயமும் சேர்ந்து மேலே வரும், சாறு ஒரு கணம் சொட்டும், அப்படியே சோற்றின் மேல் கவிழ்ப்பார்கள். இன்றும் அந்தக் கடைகளில் கவுண்டர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் இதை நேரில் பார்க்கலாம். வீட்டில் எப்படிப் பரிமாறுவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

கறிதான் முக்கால்வாசி

2003 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு மாட்டுக்குப் 'பைத்திய மாடு' நோய் இருப்பது தெரியவந்ததும் ஜப்பான் அமெரிக்க மாட்டிறைச்சி இறக்குமதியை நிறுத்திவிட்டது. வேறு சில கடைகள் ஆஸ்திரேலியக் கறிக்கு மாறின. யோஷினோயா மாறவில்லை. 2004 பிப்ரவரியில் கியூடோன் விற்பனையையே நிறுத்திவிட்டு, பன்றிக்கறி போட்ட புடாடோனை விற்றுக்கொண்டு 2006 செப்டம்பர் வரை காத்திருந்தது. காரணம், அவர்களுடைய ருசி 'ஷார்ட் பிளேட்' என்ற ஒரே வெட்டை நம்பி இருந்தது. மாட்டின் வயிற்றுப்பக்க விலாவிலிருந்து வரும் கறி அது. கறியும் கொழுப்பும் மாறிமாறி வரிவரியாக இருக்கும். விலை மலிவு. அந்தக் கொழுப்பு சாற்றில் உருகி வெங்காயத்தோடு சேர்வதுதான் கியூடோனின் மணம்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: கொழுப்பே இல்லாத 'சுத்தமான' கறியை வாங்காதீர்கள். விலை உயர்ந்த வாக்யூவையும் வாங்காதீர்கள். பளிங்குபோல் கொழுப்பு ஓடிய அந்தக் கறியைச் சோயா சாஸில் வேகவைப்பது காசுக்குப் பிடித்த கேடு.

ஜப்பானியப் பல்பொருள் அங்காடியில் கறி ஏற்கெனவே சீவித் தட்டில் அடுக்கி இருக்கும். 'கியூ பாரா உசுகிரி' என்றால் விலாப்பக்கக் கறியை மெல்லியதாகச் சீவியது. கியூடோனுக்கு முதல் தேர்வு இதுதான். 'கிரிஒடோஷி', 'கோமாகிரே' என்றெல்லாம் போட்டிருப்பவை நல்ல துண்டுகள் வெட்டும்போது மிஞ்சிய ஓரங்கள், சின்னச் சின்னத் துணுக்குகள். வடிவம் ஒழுங்காக இருக்காது, விலை இன்னும் குறையும், கியூடோனுக்கு அதுவும் தாராளமாகப் போதும். எழுத்து படிக்க வராதவர்கள் கைபேசிக் கேமராவைச் சீட்டின் மேல் காட்டினால் மொழிபெயர்த்துச் சொல்லிவிடும். 100 கிராமுக்கு என்ன விலை என்பது எப்போதும் சீட்டில் இருக்கும்; அதைத்தான் ஒப்பிட வேண்டும், மொத்த விலையை அல்ல. இரவு கடை மூடும் நேரம் நெருங்கும்போது பாதி விலை வில்லை ஒட்டுவார்கள். அன்றே சமைப்பதாக இருந்தால் தயங்காமல் எடுக்கலாம்.

ஊரில் இருந்து செய்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. கறிக்கடையில் நெஞ்சுப் பகுதியிலிருந்து கொழுப்போடு சேர்த்து எலும்பில்லாத ஒரே கட்டியாகக் கேட்டு வாங்குங்கள். அதை உறைபெட்டியில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் வைத்து எடுத்தால் வெளியே இறுகி உள்ளே கொஞ்சம் இளகி இருக்கும். அந்தப் பதத்தில்தான் கத்தி வழுக்காமல் இறங்கும். நாருக்குக் குறுக்கே, உங்களால் முடிந்த மட்டும் மெல்லியதாக, 2 மில்லிமீட்டருக்குள் சீவுங்கள். நார் ஓடும் திசையிலேயே சீவினால் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் சவ்வுமாதிரி இழுக்கும். வயதான மாடு அல்லது எருமையின் கறி என்றால் இந்தக் குறிப்பில் சொல்லும் ஐந்து நிமிடத்தில் வேகாது. அதற்கு வழி கீழே தனியாகச் சொல்கிறேன்.

புட்டிகள்

சோயா சாஸ், மிரின், சாகே என்ற அரிசி மது. இந்த மூன்றும் சர்க்கரையும் இருந்தால் ஜப்பானியக் கொதிகறிகளில் பாதியைச் செய்துவிடலாம்.

சோயா சாஸில் 'கோய்குச்சி' என்று இருப்பதுதான் எல்லா வீட்டிலும் இருக்கும் சாதாரண வகை. 'உசுகுச்சி' நிறத்தில் வெளிறியது, உப்பில் கூடுதல். நிறத்தைப் பார்த்து லேசானது என்று நினைத்து அதே அளவு ஊற்றினால் கரித்துவிடும். சீனச் சமையலுக்கு விற்கும் கெட்டியான கறுப்பு சோயா சாஸும் இங்கே பொருந்தாது.

மிரின் என்பது அரிசியிலிருந்து வரும் இனிப்பு மது. 'ஹோன் மிரின்' என்ற அசல் வகையில் ஏறத்தாழ 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு. பக்கத்திலேயே மலிவாக 'மிரின் ஃபூ' என்று ஒரு புட்டி நிற்கும். அதில் ஆல்கஹால் 1 சதவீதத்துக்கும் கீழே, இனிப்புக்குச் சர்க்கரைப் பாகு. கியூடோனுக்கு அதுவும் ஓடும். இனிப்பு சற்றுத் தூக்கலாக இருப்பதால் சர்க்கரையைக் கொஞ்சம் குறையுங்கள். சாகேயிலும் இதே கதை. 'ரியோரிஷூ' என்ற சமையல் சாகே மலிவாகக் கிடைக்கும், ஆனால் குடிக்க முடியாதபடி அதில் உப்பைச் சேர்த்திருப்பார்கள். அதைப் பயன்படுத்தினால் சோயா சாஸில் ஒரு தேக்கரண்டி குறைத்துக்கொள்வது நல்லது. நான் சொல்வேன், குடிக்கும் சாகேயில் மலிவான ஒரு அட்டைப் பெட்டியை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ருசி தெளிவாக இருக்கும், உப்புக் கணக்கும் குழம்பாது.

மது வேண்டாம் என்பவர்கள் மிரினையும் சாகேயையும் விட்டுவிட்டு 3 மேசைக்கரண்டித் தண்ணீரும் கூடுதலாக 1 மேசைக்கரண்டிச் சர்க்கரையும் சேர்க்கலாம். கொதித்தால் ஆல்கஹால் பெரும்பாலும் ஆவியாகும், முழுதாகப் போகாது. ஆகவே அறவே தவிர்க்க வேண்டியவர்கள் இந்த மாற்று வழியிலேயே செய்யுங்கள். சோயா சாஸ் புட்டியில் எழுதியிருப்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல வகைகளில் கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்திருக்கும்.

இரண்டு பேருக்கான அளவு

மெல்லியதாகச் சீவிய மாட்டிறைச்சி – 250 கிராம்
பெரிய வெங்காயம் – 1 (200 கிராம்)
டாஷி (கடற்பாசியிலும் மீன் சீவலிலும் எடுக்கும் சாறு) – 200 மி.லி.
சோயா சாஸ் – 3 மேசைக்கரண்டி
மிரின் – 3 மேசைக்கரண்டி
சாகே – 2 மேசைக்கரண்டி
சர்க்கரை – 1 மேசைக்கரண்டி
துருவிய இஞ்சி – 1 தேக்கரண்டி
ஜப்பானிய அரிசி – 225 கிராம்
மேலே போட: சிவப்பு இஞ்சி ஊறுகாய், ஷிச்சிமி மிளகாய்த்தூள், விருப்பப்பட்டால் முட்டை

மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி., தேக்கரண்டி 5 மி.லி. வீட்டில் குழம்பு ஊற்றும் கரண்டியால் அளக்காதீர்கள். சோயா சாஸில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

செய்முறை

1. அரிசியை முதலில் கவனியுங்கள். ஜப்பானிய அரிசி குட்டையாக, உருண்டையாக இருக்கும், வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டும். அந்த ஒட்டுதல் இருந்தால்தான் குச்சியால் அள்ள முடியும். முதல் தண்ணீரை ஊற்றி ஒரு கலக்குக் கலக்கி உடனே கொட்டிவிடுங்கள், காய்ந்த அரிசி தவிட்டு மணத்தோடு அந்தத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிறகு இரண்டு மூன்று முறை விரல்களால் அளைந்து கழுவுங்கள். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிய வேண்டும் என்றில்லை. அரை மணி நேரம் ஊற வேண்டும், குளிர்காலம் என்றால் ஒரு மணி நேரம். மின்குக்கரில் 'ஒரு கோ' என்ற அளவு 180 மி.லி., எடையில் 150 கிராம். நமக்கு வேண்டியது ஒன்றரை கோ. கோட்டுக்கு ஒரு முடி கீழேயே தண்ணீரை நிறுத்துங்கள். மேலே சாறு ஊற்றப்போகிறோம், சோறு சற்று விறைப்பாக இருந்தால்தான் அதைத் தாங்கும்.

குக்கர் இல்லை என்றால் அடிகனமான பாத்திரத்தில் 310 மி.லி. தண்ணீரோடு மூடிக் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் தீயைச் சிறிதாக்கி 12 நிமிடம், அணைத்துவிட்டு இன்னும் 10 நிமிடம் மூடியபடியே. வடிக்கவே கூடாது, நடுவில் திறக்கவும் கூடாது. ஜப்பானிய அரிசி கிடைக்காத ஊரில் சுஷி அரிசி என்று விற்பதை வாங்கலாம். அதுவும் இல்லையா, வீட்டில் இருக்கும் பச்சரிசியையே கொஞ்சம் குழைவாக வையுங்கள். பாஸ்மதி மட்டும் வேண்டாம். சாறு எல்லாம் அடியில் போய்த் தேங்கும், மேலே சோறு வெறும் சோறாக நிற்கும்.

2. டாஷி. இதற்குக் கோம்பு என்ற கடற்பாசியும் கட்சுவோபுஷி என்ற மீன் சீவலும் வேண்டும். கட்சுவோபுஷியைப் பார்த்து மிரள வேண்டாம். சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டு மரக்கட்டைபோல் காயவைப்பதுதான். மாலத்தீவிலிருந்தும் லட்சத்தீவிலிருந்தும் வரும் மாசிக்கருவாட்டின் உறவுக்காரன். யாழ்ப்பாணத்திலோ தூத்துக்குடியிலோ மாசிச் சம்பல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த மணம் புதிதாக இருக்காது. அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கோம்பை அரை மணி நேரம் ஊறவைத்து, மெதுவாகச் சூடாக்கி, கொதிப்பதற்குச் சற்று முன்னால் கோம்பை எடுத்துவிடுங்கள். கொதித்தால் பிசுபிசுப்பும் கசப்பும் இறங்கும். கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, 10 கிராம் சீவலைத் தூவி, அது அடியில் அமிழ்ந்ததும் வடிகட்டுங்கள். மீந்த டாஷி மறுநாள் மிசோ சூப்புக்கு ஆகும்.

உண்மையைச் சொன்னால், வேலைநாளில் இதற்கெல்லாம் யாருக்கும் பொறுமை கிடையாது. ஜப்பானிய வீடுகளிலும் பாதிக்குமேல் ஹோன்டாஷி மாதிரியான உடனடி டாஷிக் குருணைதான் ஓடுகிறது. அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான குருணையை 200 மி.லி. வெந்நீரில் கரைத்தால் போதும். கியூடோனில் கறியும் சோயா சாஸும்தான் முன்னால் நிற்கும், டாஷி பின்னணிதான். குருணையில் உப்பு உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

3. வெங்காயத்தைத் தோலுரித்து, மேலிருந்து வேர்ப்பக்கமாகப் பாதியாக்கி, அதே வாக்கில் விரல் தடிமனில் பாதியளவுக்கு, அதாவது 7, 8 மில்லிமீட்டர் அகலத்தில் பிறை பிறையாக நறுக்குங்கள். பிரியாணிக்குப் போல மெல்லியதாகச் சீவினால் கரைந்து காணாமல் போய்விடும். குறுக்கே வட்டமாக நறுக்கினாலும் நார் அறுந்து சீக்கிரம் குழையும். சின்ன வெங்காயம் இதற்கு வேண்டாம். காரமும் மணமும் தனி.

4. அகலமான வாணலியில் டாஷி, சாகே, மிரின், சர்க்கரை நான்கையும் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். ஒரு நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதித்தால் மது வாடை போகும். இப்போது சோயா சாஸ். ஜப்பானியச் சமையலில் சர்க்கரை முதலில், சோயா சாஸ் பிறகு என்பது வழக்கம். சர்க்கரை உள்ளே இறங்க நேரம் எடுக்கும், சோயா சாஸின் மணம் நெடுநேரம் கொதித்தால் பறந்துவிடும். உடனே வெங்காயத்தைப் போட்டுப் பரப்பி, நடுத்தரத் தீயில் மூடிவைத்து ஐந்து நிமிடம். வெங்காயம் சாற்றில் முழுகாது, பாதிதான் நனைந்திருக்கும். தண்ணீர் போதவில்லை என்று தோன்றும், ஊற்றாதீர்கள். வெங்காயமே நீர் விடும்.

மூடியைத் திறக்கும்போது வெங்காயத்தின் ஓரம் கண்ணாடிபோல் மாறி, நடு நரம்பில் மட்டும் கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருக்க வேண்டும். அதுதான் கறி போடும் நேரம்.

5. தீயைக் குறையுங்கள். சாறு கொதிக்காமல், ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழி எழும்பும் அளவு. கறித்துண்டுகளை ஒட்டுமொத்தமாகக் கவிழ்க்காமல், ஒவ்வொன்றாகப் பிரித்து விரித்துப் பரப்புங்கள். தட்டில் இருந்தபடியே போட்டால் ஒரே உருண்டையாகக் கட்டிப்போய், வெளியே விறைத்து உள்ளே சிவப்பாகவே இருக்கும். இஞ்சியையும் இப்போதே சேர்க்கலாம்.

சிவப்பு நிறம் மறைந்து கறி பழுப்பாக மாறும்போது சாம்பல் நிற நுரை மேலே வரும். கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள், ரத்த வாடை அதில்தான் இருக்கிறது. ஆனால் பளபளவென்று மிதக்கும் எண்ணெய்த் துளிகளைத் தொடாதீர்கள், அது கொழுப்பு, அதற்காகத்தான் அந்தக் கறியையே வாங்கினோம். நுரையும் எண்ணெயும் பக்கத்தில் பக்கத்தில்தான் மிதக்கும். கொஞ்சம் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும்.

நுரை எடுத்தபின் மூடாமல் நான்கைந்து நிமிடம். கிளற வேண்டாம். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால், மேலே தெரியும் துண்டுகள்மீது கரண்டியால் சாற்றை எடுத்து ஊற்றிக்கொண்டிருங்கள்.

6. அடுப்பை அணையுங்கள். மூடிவைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். ருசி கறிக்குள் இறங்குவது வேகும்போது மட்டுமல்ல, ஆறும்போதும்தான். சோறு தயாராவதற்கும் இதற்கும் நேரம் ஒத்துப்போகும். பரிமாறுமுன் இலேசாகச் சூடாக்கிக்கொள்ளலாம்.

கிண்ணத்தில்

டோன்புரி எனப்படும் குழிவான பெரிய கிண்ணம் இருந்தால் அழகு, இல்லாவிட்டால் சூப் கிண்ணம் போதும். தட்டில் மட்டும் போடாதீர்கள், சாறு பரவி ஓடிவிடும். ஆளுக்கு 250 கிராம் சோறு. அழுத்தாமல் பூப்போல் வையுங்கள். துளைக் கரண்டியால் கறியையும் வெங்காயத்தையும் சேர்த்து அள்ளிச் சோற்றை மூடினாற்போல் பரப்புங்கள். பிறகு சாறு, இரண்டு மூன்று மேசைக்கரண்டி. நம் ஊர்க் குழம்புச் சோறுபோல் பிசைந்து சாப்பிடும் அளவுக்கு ஊற்றுவது மரபில்லை, ஆனால் அப்படி ஆசைப்படுகிறவர்கள் ஜப்பானிலும் நிறைய இருக்கிறார்கள். கடையில் 'ட்சுயுடாகு' என்று சொன்னால் சாறு அதிகமாக வரும். 'ட்சுயுநுகி' என்றால் சாறே இல்லாமல். நான் ட்சுயுடாகு கட்சி.

பெனிஷோகா எனும் சிவப்பு இஞ்சியை அலங்காரம் என்று ஒதுக்காதீர்கள். உமே என்ற ஜப்பானியப் பிளம் பழத்தை உப்பிடும்போது வரும் புளிப்புச் சாற்றில் இஞ்சியை ஊறவைத்துச் செய்வது அது. கொழுப்பும் இனிப்பும் நாக்கில் படிந்தபின் அந்தப் புளிப்பு இல்லாமல் பாதிக் கிண்ணத்திலேயே திகட்டிவிடும். கிடைக்காவிட்டால் இஞ்சியை மெல்லிய குச்சிகளாக நறுக்கி, உப்புப் பிசிறி, வினிகரில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். நிறம் வராது, வேலை நடக்கும். காரத்துக்கு ஷிச்சிமி: மிளகாய், சான்ஷோ மிளகு, ஆரஞ்சுத் தோல், எள் என்று ஏழு பொருள் கலந்த தூள். நமக்கு அது காரமே இல்லை, மணத்துக்காகத் தூவுவது.

முட்டை. பச்சை முட்டையை உடைத்துக் கலக்கி மேலே ஊற்றிக்கொள்வது ஜப்பானில் சாதாரணம். அங்கே முட்டை அட்டையில் இருக்கும் தேதி பச்சையாகச் சாப்பிடுவதற்கான கெடு. அந்தத் தேதிக்குள், குளிர்பெட்டியில் வைத்திருந்த முட்டையை அங்கே தைரியமாகச் சாப்பிடலாம். மற்ற ஊர்களில் இதைச் செய்யாதீர்கள். ஜப்பானில் இருக்கிறவர்களுக்குப் பச்சையும் வேண்டாம், நன்றாக வெந்ததும் வேண்டாம் என்றால் ஒன்சென் தமாகோ: ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அணைத்து, 200 மி.லி. பச்சைத் தண்ணீரைச் சேர்த்து, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை மெதுவாக இறக்கி 12 முதல் 15 நிமிடம் மூடிவையுங்கள். வெள்ளை தயிராகவும் மஞ்சள் கூழாகவும் வரும். இதுவும் முழுக்க வெந்த முட்டை அல்ல. ஊரில் செய்கிறவர்கள் வழக்கமான வெந்த முட்டையைப் பாதியாக வெட்டி வைத்தால் போதும்.

சரியாக வரவில்லை என்றால்

கறி ரப்பர்மாதிரி ஆகிவிட்டதா? கறி போட்டபின் சாறு தளதளவென்று கொதித்திருக்கும். அடுத்த முறை தீயைக் குறையுங்கள், நேரத்தைக் குறைப்பதைவிட அதுதான் முக்கியம். கரிக்கிறதா? டாஷியோ வெந்நீரோ ஒரு கரண்டி சேர்த்துவிடுங்கள். சர்க்கரையைப் போட்டு உப்பை மறைக்கப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து கெடும். சாறு தண்ணீராக இருந்தால் கறியையும் வெங்காயத்தையும் ஒரு தட்டில் எடுத்துவைத்துவிட்டு, சாற்றை மட்டும் கொதிக்கவிட்டுச் சுண்டவைத்துப் பிறகு கலக்கலாம். மாட்டு வாடை தூக்கலாக இருக்கும் கறி என்றால், போடுமுன் கொதிநீரில் பத்து விநாடி முக்கி எடுத்து வடியுங்கள். கொஞ்சம் கொழுப்பும் போகத்தான் செய்யும். அது அந்தக் கறிக்கு நாம் கொடுக்கும் விலை.

முற்றிய கறி வைத்திருப்பவர்கள் வரிசையைத் தலைகீழாக்குங்கள். டாஷியோடு 300 மி.லி. தண்ணீர் கூட்டி, இஞ்சியும் சாகேயும் மட்டும் சேர்த்து, கறியை முதலில் போட்டு, மிகச் சிறு தீயில் மூடி வேகவிடுங்கள். நாற்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை ஆகலாம், பல்லில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கறி மெத்தென்று ஆனபின் மிரின், சர்க்கரை, சோயா சாஸ், கடைசியில் வெங்காயம். கடைக் கியூடோனின் ருசி அப்படியே வராது. ஆனாலும் நல்ல சாப்பாடு.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் மெல்லியதாகச் சீவிய பன்றிக்கறியில் இதே சாற்றைப் பயன்படுத்தலாம். அதுதான் புடாடோன். பன்றிக்கறி உள்ளே சிவப்பில்லாமல் முழுதாக வேக வேண்டும் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

மீந்தால்

கறியையும் சாற்றையும் சேர்த்தே வையுங்கள், தனித்தனியாக வைத்தால் கறி காய்ந்துவிடும். குளிர்பெட்டியில் இரண்டு நாள், உறையவைத்தால் இரண்டு மூன்று வாரம். ஆறியதும் மேலே வெள்ளையாகக் கொழுப்பு உறைந்து நிற்கும், சூடாக்கினால் கரைந்துவிடும். சோற்றைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், சரளைக்கல்போல் ஆகிவிடும். மிஞ்சிய சோற்றை ஆறவிட்டுக் காத்திருக்காமல், ஆவி இருக்கும்போதே ஒரு ஆள் அளவாகத் தட்டையாகச் சுற்றி உறைபெட்டியில் வைத்தால், மைக்ரோவேவில் சூடாக்கும்போது புதுச் சோறு மாதிரியே வரும்.

சாறு மட்டும் மீந்தால் கொட்டாதீர்கள். டோஃபுவைப் பெரிய சதுரங்களாக வெட்டி அதில் போட்டுச் சிறு தீயில் பத்து நிமிடம் வைத்தால் மறுநாள் சோற்றுக்கு ஒரு தொட்டுக்கை. கறியும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் டாஷியை ஊற்றி நீர்க்கவைத்து, வெந்த உடோன் நூடுல்ஸைப் போட்டு, வெங்காயத்தாளை நறுக்கித் தூவுங்கள். அந்த உடோனுக்கு சோயா சாஸை ருசி பார்த்தபிறகு கூட்டினால் போதும்.